குறைந்த விலைக்கு அப்பால்: ஒப்பந்ததாரரைத் தேர்வதும் வேலை வாங்குவதும்

2009 ஜூலையில் பனாமா நகரில் மூன்று விலை உறைகள் பிரிக்கப்பட்டன. பெரிய கப்பல்களை நீர்மட்டம் உயர்த்தியும் தாழ்த்தியும் கடத்திவிடும் புதிய மடைத்தொட்டிகளைப் பனாமா கால்வாயில் கட்டுவதற்கான ஒப்பந்தம் அது. ஸ்பெயின் நிறுவனம் ஒன்றின் தலைமையிலான கூட்டு சுமார் 312 கோடி டாலர் கேட்டிருந்தது. அடுத்த விலை சுமார் 419 கோடி, மூன்றாவது 600 கோடியை நெருங்கியது. இந்த டெண்டரை வெறும் குறைந்த விலைப் போட்டி என்று ஒதுக்க முடியாது. தொழில்நுட்பத் தரத்துக்கு 55 மதிப்பெண், விலைக்கு 45 என்று கால்வாய் ஆணையம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. தரத்திலும் அந்தக் கூட்டுதான் முதலிடம் பிடித்தது. முறைப்படி பார்த்தால் 'சிறந்த மதிப்பு' அடிப்படையிலான தேர்வு என்பதற்குப் பாடப்புத்தக உதாரணம்.

வேலை தொடங்கிச் சில ஆண்டுகளில் கூடுதலாக 160 கோடி டாலர் வேண்டும் என்று கூட்டு கேட்டது. தகராறு முற்றி, 2014 பிப்ரவரியில் வேலை நின்றேபோனது. 2015-இல் சோதனைக்காகத் தண்ணீர் விட்டபோது கான்கிரீட்டில் கசிவு தெரிந்தது. 2014 இறுதிக்குள் திறக்க வேண்டிய மடைகள் 2016 ஜூன் 26 அன்றுதான் திறந்தன.

ஒப்பந்ததாரரைத் தேர்வது பற்றி உலகெங்கும் பல பத்தாண்டுகளாக நடக்கும் விவாதத்தின் கடினமான முடிச்சு இந்த நிகழ்வில் இருக்கிறது. விலையோடு தரத்தையும் எடைபோட்டால் போதும் என்று பல நாடுகள் நம்பின, சட்டங்களை மாற்றின. மதிப்பெண் விகிதத்தை எப்படி அமைத்தாலும், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கேட்க வேண்டியதைக் கேட்காமலும், வேலை நடக்கும்போது எழுத வேண்டியதை எழுதாமலும் விட்டால், தேர்வு முறை எதுவும் காப்பாற்றாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தேர்வதும் வேலை வாங்குவதும் இரண்டு தனித்தனிக் காரியங்கள் அல்ல.

முதலில் நம்மூர் நடைமுறையைப் பார்ப்போம். நம் அலுவலகங்களில் எல்-1 என்ற சொல்லுக்கு விளக்கமே தேவையில்லை. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கொடுத்தவர் எல்-1, வேலை அவருக்கு. இதைப் பழிப்பது எளிது. இது எதற்காக வந்தது என்பதை மறந்துவிட்டுப் பழிப்பது நியாயமல்ல. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டு 2000-இல் நடைமுறைக்கு வந்தது. வேண்டியவருக்கு வேலை கொடுக்கும் வழக்கத்துக்குக் கடிவாளம் போடுவதே அதன் நோக்கம். ஒரு செயற்பொறியாளர் தணிக்கையின் முன்னாலோ லஞ்ச ஒழிப்புத் துறையின் முன்னாலோ நிற்க நேர்ந்தால், 'இவர்தான் குறைந்த விலை கொடுத்தார்' என்பதைவிட உறுதியான பதில் அவரிடம் இல்லை. 'இவர் நன்றாகச் செய்வார் என்று நினைத்தேன்' என்றால் அடுத்த கேள்வி வேறு மாதிரி வரும்.

போட்டியே இல்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே கொடிய சான்று உண்டு. குஜராத்தின் மோர்பி தொங்குபாலத்தைப் பராமரிக்கும் பொறுப்பு டெண்டர் விடாமலேயே ஒரு கடிகார நிறுவனத்துக்குப் போயிற்று. 2022 அக்டோபர் 30 அன்று பாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். ஆகவே எல்-1 வேண்டாம் என்பவர்கள், அதற்குப் பதிலாக வருவது அதிகாரியின் விருப்பம் அல்ல என்று முதலில் காட்டியாக வேண்டும்.

எல்-1 முறையின் நோய் எங்கே தொடங்குகிறது? துறை தன் விலைவிகிதப் பட்டியலை வைத்து மதிப்பீடு போடுகிறது. போட்டி கடுமையாக இருந்தால் அந்த மதிப்பீட்டுக்கு 20, 30 சதவீதம் கீழே விலை வருகிறது. அந்த விலையில் யாராலும் ஒழுங்காக வேலை செய்ய முடியாது என்பது விலை கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். பிறகு அந்தப் பணம் வேறு வழிகளில் மீட்கப்படுகிறது. வரைபடத்தில் விடுபட்டதெல்லாம் எக்ஸ்ட்ரா ஐட்டம் ஆகிறது. வேலை சப்-கான்ட்ராக்டாக இரண்டு மூன்று கை மாறுகிறது. கடைசிக் கையில் இருப்பவர் கம்பியையும் சிமெண்டையும் குறைக்கிறார், அல்லது கூலியைக் குறைக்கிறார். மிகவும் கீழே போய் விலை கொடுத்தவரிடம் கூடுதல் வைப்புத்தொகை கேட்பது துறைகளின் வழக்கம். அது ஒப்பந்ததாரரின் கையிருப்பை இன்னும் சுருக்குகிறதே தவிர, அவருடைய கணக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்ற கேள்விக்குப் பதில் தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு கொள்முதல் நெறிமுறை இதில் ஒரு படி முன்னே நிற்கிறது: விலை அசாதாரணமாகக் குறைந்திருந்தால் விளக்கம் கேட்டே ஆக வேண்டும்; விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் நிராகரிக்கலாம்.

குறைந்த விலையின் பிடியிலிருந்து விலகும் முயற்சி ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வாசல் வழியாக நடந்தது. அமெரிக்கா 1972-இல் புரூக்ஸ் சட்டத்தின் மூலம், கட்டடக் கலைஞர்களையும் வடிவமைப்புப் பொறியாளர்களையும் முதலில் திறமையைக் கொண்டு தேர்ந்தெடுத்துவிட்டு அதன் பிறகு கட்டணம் பேசலாம் என்றது. பிரிட்டன் 1980-களில் உள்ளாட்சி வேலைகள் பலவற்றைக் கட்டாயப் போட்டி டெண்டருக்குக் கொண்டுபோனது. அது சேவையின் தரத்தைத் தின்றுவிட்டது என்ற குறை எழ, 1999 உள்ளாட்சிச் சட்டம் 'சிறந்த மதிப்பு' தேடுவதைக் கடமையாக்கியது. அதற்கு முன்பே 1994-இல் லாதம் அறிக்கையும் 1998-இல் ஈகன் அறிக்கையும் கட்டுமானத் தொழிலில் வாங்குபவரும் செய்பவரும் எதிரிகளைப் போல் நடந்துகொள்வதைச் சுட்டிக்காட்டியிருந்தன. உலக வங்கி 2016-இல் தன் கொள்முதல் விதிகளைத் திருத்தி, கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற மதிப்பை மையத்தில் வைத்தது. சுவிட்சர்லாந்து 2021-இலிருந்து 'மிகவும் அனுகூலமான' விலைப்புள்ளியைத் தேர்ந்தெடுக்கும்படி சட்டத்தை மாற்றியது. பிரிட்டனின் 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது ஏறக்குறைய அதே அளவுகோலைக் கொண்டுவந்தது.

1999 சட்டத்துக்குப் பிறகும் பிரிட்டனில் கரிலியன் என்ற கட்டுமான நிறுவனம் 2018 ஜனவரியில் கவிழ்ந்தது. அப்போது அரசுத் துறைகளுடன் சுமார் 420 ஒப்பந்தங்கள் அதன் கையில் இருந்தன. மெலிந்த லாபத்தில் வேலை பிடித்து, அடுத்த வேலையின் பணத்தில் முந்தைய வேலையின் ஓட்டையை அடைத்த நிறுவனம் அது. பாதியில் நின்ற மருத்துவமனைகள் முடியப் பல ஆண்டுகள் ஆயின. சட்டத்தில் இருந்த சொல் மாறியிருந்தது. வாங்குபவரின் கை இன்னும் விலைப் பத்தியில்தான் இருந்தது.

இந்தியாவில் மத்திய நிதித் துறை 2021 அக்டோபர் 29 அன்று பொதுக் கொள்முதல் குறித்த வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆலோசனைப் பணிகளுக்கு மட்டும் இருந்த தரமும் விலையும் சேர்ந்த தேர்வு முறையைக் கட்டுமானத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அதில் கதவு திறந்தது. நிபந்தனையும் உண்டு: தகுந்த அதிகாரி அந்த வேலையைத் தரம் சார்ந்த கொள்முதல் என்று அறிவிக்க வேண்டும், விலை அல்லாத அம்சங்களுக்கான பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அந்த 30-க்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஒப்பந்ததாரர் தரத்தில் 90 வாங்குகிறார். 11 கோடி கேட்கிறார். இரண்டாமவர் தரத்தில் 70. கேட்பது 10 கோடி. குறைந்த விலைக்கு 100 மதிப்பெண், மற்றவருக்கு அதன் விகிதத்தில் 90.9. தரத்துக்கு 30, விலைக்கு 70 என்று கூட்டினால் முதலாமவருக்கு 27-உம் 63.6-உம் சேர்ந்து 90.6. இரண்டாமவருக்கு 21-உம் 70-உம் சேர்ந்து 91. வேலை இரண்டாமவருக்கே. தரத்தில் 20 மதிப்பெண் இடைவெளி என்பது வேலை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள தூரம். அது 10 சதவீத விலை வித்தியாசத்துக்கு ஈடாகவில்லை.

நிஜத்தில் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் 90-க்கும் 70-க்கும் இடையே அவ்வளவு தூரம் விழவே விழாது. மதிப்பெண் போடும் குழுவில் உட்கார்ந்தவர்கள் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்புவதில்லை. எல்லாருக்கும் 80-க்கும் 90-க்கும் நடுவே போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் தரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கினாலும் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் விலைதான். பேப்பரில் சிறந்த மதிப்பு, நடப்பில் எல்-1. விகிதத்தைப் பற்றி மட்டும் சண்டை போடுபவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

இதே சிக்கலை வேறு முனையிலிருந்து பிடித்தவர் டீன் காஷிவாகி. அமெரிக்க விமானப்படையில் பொறியாளராக இருந்தவர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1991-இல் முடித்த முனைவர் ஆய்வில், செயல்திறன் தகவலைக் கொண்டு ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தார். பின்னர் அங்கேயே ஓர் ஆய்வுக் குழுவையும் அமைத்தார். அவருடைய அடிப்படை எண்ணம் எளிமையானது. வாங்குபவர் அந்த வேலையில் நிபுணர் அல்ல. நிபுணர் அல்லாதவர் நிபுணருக்குப் பக்கம் பக்கமாக நிபந்தனை எழுதி, ஒவ்வொரு படியையும் மேற்பார்வை செய்தால், நல்ல ஒப்பந்ததாரரின் திறமை வீணாகிறது. சுமாரானவர் அந்த நிபந்தனைகளுக்குள் ஒளிந்துகொள்கிறார்.

அவர் முறையில் ஒப்பந்ததாரர் கொடுப்பது மொத்தம் ஆறு பக்கம். இரண்டு பக்கத்தில் இந்த வேலைக்குத் தான் ஏன் பொருத்தம், அதற்கு என்ன எண் சான்று. அடுத்த இரண்டில் இந்த வேலையில் எது எது தவறிப்போகலாம், குறிப்பாகத் தன் கட்டுப்பாட்டில் இல்லாதவை எவை, அவற்றை எப்படிச் சமாளிப்பது. கடைசி இரண்டில், கேட்டதற்கு மேல் தான் தரக்கூடியது என்ன, அதற்கு எவ்வளவு ஆகும். நிறுவனத்தின் பெயர் எங்கும் இருக்கக் கூடாது. பெயரைக் காட்டிக்கொடுக்கும் விவரமும் கூடாது. இந்த முறை நெதர்லாந்தில் பழகிய வடிவத்தில், மதிப்பிடுபவர் 2, 4, 6, 8, 10 என்ற ஐந்து எண்களில் ஒன்றைத்தான் போட முடியும். சான்று எதுவும் இல்லாத பொதுவான பேச்சுக்கு நடுநிலையான 6. 'எங்களுக்கு 25 ஆண்டு அனுபவம்' என்பதற்கும் 6-தான். 'இதே மாதிரி ஒன்பது கட்டடங்களில் கூரை போட்டோம்; ஐந்து ஆண்டு கழித்தும் ஒழுகவில்லை; உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்' என்றால் 10-க்கு வாய்ப்பு உண்டு. 80-க்கும் 90-க்கும் நடுவே எல்லாரையும் அடைக்கும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

அடுத்து நேர்காணல். விற்பனைப் பிரிவிலிருந்து நன்றாகப் பேசத் தெரிந்தவரை அனுப்ப முடியாது. களத்தில் அந்த வேலையை நடத்தப்போகும் திட்ட மேலாளரையே தனியாக உட்கார வைத்துக் கேட்கிறார்கள். முதல் மாதம் என்ன செய்வீர்கள், எந்த இடத்தில் தடங்கும், ஏன் என்று கேட்டால் வேலை செய்தவர் தடுமாறாமல் சொல்வார். வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் அவர் முன்பு கட்டிய வீட்டைக் காட்டச் சொல்லி, அங்கே குடியிருப்பவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவதில்லையா, அதே புத்திதான்.

இந்த முறையின் உயிர் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. முதலிடம் வந்தவரோடு உடனே கையெழுத்துப் போடுவதில்லை. தெளிவுபடுத்தும் கட்டம் என்று சில வாரங்கள் ஒதுக்குகிறார்கள். முழு வேலையையும் தொடக்கம் முதல் முடிவு வரை அவர் விளக்கிக்காட்ட வேண்டும். எது தன் விலைக்குள் அடங்கும், எது அடங்காது என்ற பட்டியல் வேண்டும். வாங்குபவர் எந்தத் தேதியில் எதைச் செய்து கொடுக்க வேண்டும் என்பதையும் அவரே எழுதித் தர வேண்டும்: நிலம், அனுமதி, மின்கம்பம் மாற்றுவது, வரைபட ஒப்புதல். விலையைப் பற்றிப் பேரம் கிடையாது. கணக்கு இடித்தால், அல்லது விளக்க முடியாமல் போனால், அவரை விட்டுவிட்டு இரண்டாமவரிடம் போகிறார்கள். குறைத்துப் போட்டுப் பிடித்துவிட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு இந்த வாசலில்தான் வெளிப்படும். பனாமாவில் உறை பிரித்ததற்கும் கையெழுத்துக்கும் நடுவே இப்படியொரு கட்டம் நடந்திருந்தால், அடுத்தவரைவிட 100 கோடி டாலருக்கு மேல் எப்படிக் குறைந்தது என்ற கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் இருந்திருக்கும்.

இதைப் பெரிய அளவில் சோதித்த நாடு நெதர்லாந்து. அங்கே 2001-இல் கட்டுமான நிறுவனங்கள் கூடிப் பேசி டெண்டர்களைப் பங்குபோட்டுக்கொண்டது அம்பலமாகி, 2002-இல் நாடாளுமன்ற விசாரணை நடந்தது. அதன் பிறகு அரசும் நிறுவனங்களும் ஒருவரையொருவர் நம்பாமல், கெடுபிடிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிக்கோ சான்டெமா போன்றோர் காஷிவாகியின் முறையை அங்கே கொண்டுவந்தனர். நாட்டின் நெடுஞ்சாலைகளையும் நீர்வழிகளையும் கவனிக்கும் ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட் என்ற அரசு அமைப்பு, நெரிசல் மிகுந்த சாலைகளை அவசரமாக அகலப்படுத்தும் திட்டத்தில் 16 பணிகளுக்கு இதைப் பயன்படுத்தியது. உச்சவரம்பு விலையை முன்கூட்டியே அறிவித்தார்கள். அதைத் தாண்டினால் போட்டியிலிருந்து வெளியே. தரத்தில் கிடைத்த மதிப்பெண்ணைப் பணமாக மாற்றிக் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பார்த்தார்கள். தரம் ஒன்றுக்கு அரசு எத்தனை யூரோ கொடுக்கத் தயார் என்பது போட்டியாளருக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. நார்வேயும் 2016 முதல் சோதனை ஓட்டங்கள் நடத்தியது.

வேலை தொடங்கிய பின் கட்டுப்பாட்டுக்கு இருக்கும் கருவி வாராந்திர இடர் அறிக்கை. ஒரே ஒரு விரிதாள். திட்டமிட்டதிலிருந்து எங்கே விலகினோம், அதற்குக் காரணம் யார், எத்தனை நாள், எவ்வளவு பணம், எப்போது சரியாகும் என்று ஒப்பந்ததாரரே வாரா வாரம் எழுதி அனுப்ப வேண்டும். வாங்குபவரால் ஏற்பட்ட தாமதமும் அதே தாளில் ஏறும். 'நிலம் ஒப்படைக்கவில்லை, 43 நாள், துறை' என்று ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால், இரண்டு ஆண்டு கழித்து நடுவர் முன்னால் யார் சொல்வது உண்மை என்று தேட வேண்டியதில்லை. நம் துறைகளின் அளவுப் புத்தகமான எம்.புக் அளவைத்தான் பதிவு செய்கிறது. அதில் ஏறிய கன மீட்டருக்குப் பில் போடலாம். வேலை ஏன் நின்றது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நடுவில் வேலை நின்றால் என்ன விலை என்பதைச் சென்னைக்காரர்கள் அறிவார்கள். அண்ணா சாலையின் அடியில் மெட்ரோ சுரங்கம் தோண்டிய இந்திய-ரஷ்யக் கூட்டின் ஒப்பந்தம் 2015-இல் ரத்தாயிற்று. மிச்ச வேலையைப் பிரித்து வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்து, முழு வழித்தடத்திலும் ரயில் ஓடியது 2019 பிப்ரவரியில். அத்தனை காலம் சாலை திருப்பிவிடப்பட்டு, கடைகள் தகர வேலிக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஒரு ஒப்பந்ததாரர் பாதியில் போவதால் நகரம் கொடுக்கும் விலை எந்த டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியலிலும் பத்தியாக வருவதில்லை.

வேலை ஒழுங்காக நடப்பதில் பாதி, பில் பணம் நேரத்துக்கு வருவது. நல்ல ஒப்பந்ததாரர்கள் அரசு வேலையை விட்டு ஒதுங்குவதற்குப் பணம் எப்போது வரும் என்று தெரியாதது பெரிய காரணம். கடன் வட்டியை விலையில் ஏற்றினால் எல்-1 ஆக முடியாது. ஏற்றாவிட்டால் மூழ்க வேண்டும். 2021 நெறிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: பில் கொடுத்த 10 வேலை நாளில் 75 சதவீதமாவது தர வேண்டும், சரிபார்த்து மிச்சத்தை 28 வேலை நாளுக்குள் தர வேண்டும். தர மதிப்பெண் விதியைவிட இந்த விதி நடைமுறையில் அதிக நல்லவர்களைப் போட்டிக்குள் கொண்டுவரும் என்று நான் நினைக்கிறேன்.

காஷிவாகி முறை மீதான விமர்சனங்களையும் ஒதுக்க முடியாது. அதன் வெற்றியைச் சொல்லும் எண்களில் பெரும்பகுதி அதை உருவாக்கியவர்களும் பரப்பியவர்களும் தொகுத்தவை. வெளியாரின் சோதனை குறைவு. ஆறு பக்கத்தில் எண்களோடு அழகாக எழுதத் தெரிந்தவருக்கு அது சாதகம். பதிவேடு இல்லாத புதியவருக்கும் சிறியவருக்கும் பாதகம். ஒப்பந்ததாரரே எல்லாம் அறிந்தவர், வாங்குபவர் விலகி நிற்கட்டும் என்ற வாதத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனால், துறையில் பொறியாளர்களே தேவையில்லை என்ற இடத்துக்கு வந்துவிடும். அதை நான் ஏற்கவில்லை. கான்கிரீட் கனசதுரத்தை உடைத்துப் பார்க்கத் தெரிந்தவர் வாங்குபவர் பக்கத்திலும் இருந்தே ஆக வேண்டும்.

இந்தியாவில் இந்த முறையைப் பின்பற்றச் சட்டம் இடம் தருமா? மத்திய விழிப்புணர்வு ஆணையம் 1998-இலிருந்தே டெண்டருக்குப் பிந்தைய பேரத்தைத் தடுத்து, அவசியமானால் எல்-1 உடன் மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. தெளிவுபடுத்தும் கட்டத்தில் விலையும் மாறாது, வேலையின் அளவும் மாறாது என்று டெண்டர் ஆவணத்திலேயே எழுதிவிட்டால், அது பேரம் ஆகாது. நீதிமன்றங்களும் டாடா செல்லுலார் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, யாரைத் தேர்ந்தார்கள் என்பதைவிட எப்படித் தேர்ந்தார்கள் என்பதையே பார்க்கின்றன. அறிவித்த அளவுகோலை மீறாமல், பெயர் மறைத்துப் போட்ட மதிப்பெண்ணுக்குக் காரணம் எழுதிவைத்த அதிகாரிக்கு அந்த அணுகுமுறை பாதுகாப்பே.

எல்-1 முறைக்குள்ளேயே இன்று தொடங்கக்கூடியவையும் உண்டு. துறைகளில் ஒப்பந்ததாரர்களை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பதிவு செய்வது பண அளவை வைத்துத்தான். ஒவ்வொரு வேலை முடிவிலும் எத்தனை நாள் தாமதம், அதில் யார் பங்கு எவ்வளவு, குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில் எத்தனை முறை பழுது பார்க்கப்பட்டது என்ற மூன்றை மட்டும் பதிந்து, இணையத்தில் எல்லாரும் பார்க்க வைத்து, அடுத்த முன்தகுதிக்கு அதைக் கணக்கில் எடுத்தால், சிறிய ஒப்பந்ததாரரும் சொல்லிக்கொள்ள ஒரு பதிவேடு பெறுவார். ஒரு கிராம நூலகக் கட்டடத்தை ஒழுங்காக முடித்தவர் அதைக் காட்டிப் பள்ளிக் கட்டடம் கேட்கலாம். தன் பெயரில் தவறாகப் பதிவானதை மறுக்க அவருக்கு 30 நாள் அவகாசமும், மறுப்பை விசாரிக்க அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒரு பொறியாளரும் வேண்டும். அந்த விசாரணை முடியும் வரை அந்த வரி முன்தகுதிக் கணக்கில் சேரக் கூடாது.